அண்டை வீட்டு வீராங்கனையர்



ஆண்டு விழா மேடையில் புலவர் பெருமை பேசுவது நம் வழக்கம். இன்று வளைகோல் ஏந்திய மகளிர் சிலரைப் பற்றிக் கூற விழைகின்றோம். இது தமிழ்ச் சங்கத்துக்குரிய பொருள்தானா என வினவுவார் உளர். நாம் குடியிருக்கும் பிரேசர் டவுனை அடுத்த குக் டவுனில் விளைந்த புகழ் நமக்கு அயலன்று என்பதே எம் விடை.

1973இல் கர்நாடகம் எனப் பெயர் பெறுமுன் இம்மாநிலம் மைசூர் எனப்பட்டது. அந்த மைசூர் மகளிர் ஹாக்கி அணியில் 1960 முதல் 1967 வரை எல்விரா, ரீட்டா, மே என்னும் பிரிட்டோ உடன்பிறந்தார் மூவர் ஆடினர். பதினொருவர் களமிறங்கும் அணியில் மூவர் ஒரே இல்லத்தார்! அக்காலத்தில் அவ்வணி ஏழு முறை தேசிய வாகை சூடிற்று. ஒரு முறை வென்றால் நற்பேறு எனலாம். ஏழு முறை வென்றாரை என்னென்பது? அணித் தலைவி எல்விரா. ஆஸ்திரேலியா, இலங்கை, ஜப்பான் அணிகளை எதிர்த்து இந்தியாவுக்காகவும் அவர் ஆடினார். 1965இல் அருச்சுனா விருது பெற்றார். மகளிர் ஹாக்கியில் அவருக்கு முன் அவ்விருதை எய்தியவர் ஆன் லம்ஸ்டன் ஒருவரே.

ஆயினும் தியான் சந்தை அறிந்த நம் பிள்ளைகள் எல்விராவை அறியார். ஆடவர் ஹாக்கி 1908இலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டது. மகளிர்க்கோ 1980இல் மாஸ்கோவில்தான் அக்கதவு திறந்தது. அங்கு இந்திய மகளிர் நான்காம் இடம் பெற்றனர். பிரிட்டோ உடன்பிறந்தார் களத்தில் கொடிகட்டிப் பறந்த நாளில், ஏறிக் காட்ட அவர்களுக்கு அம்மேடையே இல்லை.

உலகத்தை மட்டும் குறைகூறிப் பயன் என்ன? பெண் பிள்ளை பருவமெய்தியதும், "ஓடியது போதும்" என்று மட்டையைப் பரணில் ஏற்றியவர்கள் நாமல்லவா? சற்று முன் இம்மேடையில் வழங்கிய பரிசுகளையே எண்ணிப் பாருங்கள். கோலத்துக்கும் பாட்டுக்கும் சிறுமியர். ஓட்டத்துக்கும் பந்துக்கும் சிறுவர். பட்டியலைத் தயாரித்தவர்களுள் நாமும் ஒருவர், வெட்கத்துடன் ஒப்புகின்றோம்.

2022 ஏப்ரலில், 81ஆம் வயதில், எல்விரா இந்நகரிலேயே மறைந்தார். அம்மூவர் ஆட்டத்தை நேரில் கண்ட மூதாட்டியர் இங்கு இருப்பின், தாம் கண்டதை எழுதித் தருக. அக்கால ஒளிப்படம் எவர் இல்லத்திலேனும் இருந்தால் சங்க நூலகத்துக்கு அளித்து உதவுக. அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் சிறுமியர் ஹாக்கியையும் சேர்க்குமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம். மட்டைகளுக்காகும் செலவை எம் தெருவார் ஏற்க இசைந்துள்ளனர்.