வேலை தேடுவோரும் நீரிழிவும்



"எனக்கு நீரிழிவு உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லத்தான் வேண்டுமா?" என்று இளைஞர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நானும் இருபது ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு உத்தியோகம் பார்ப்பவன். ஆகையால் என்னிடம் கேட்கிறார்கள் போலும்.

இது ஒரு சிலருக்கு மட்டும் உரிய கவலை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய் உடையவர்கள் என்று மதிப்பிட்டது. அப்படியிருந்தும் வேலை கொடுப்போரிடம் அச்சம் நீங்கவில்லை. அடிக்கடி விடுப்பு எடுப்பானோ, மயங்கி விழுவானோ என்று எண்ணுகிறார்கள். ஒருமுறை நேர்முகத் தேர்வின்போது காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். சர்க்கரை வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள், காரணத்தைச் சொன்னேன். அதன் பிறகு என் படிப்பைப் பற்றியோ அனுபவத்தைப் பற்றியோ ஒரு கேள்வியும் வரவில்லை. அந்த வேலையும் வரவில்லை.

இவ்வச்சம் பழைய காலத்தது. 1921-இல் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் முதலியோர் இன்சுலினைக் கண்டறிவதற்கு முன்பு, இளம் வயதில் இந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது. இன்றோ, இன்சுலின் போட்டுக்கொள்வோர் தக்க கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுப் பயணிகள் விமானத்தை ஓட்டவும் பிரிட்டனில் 2012 முதல் அனுமதி உண்டு. அந்நாட்டின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் தவிர, வேலை தருவதாக உறுதி கூறுமுன் உடல்நலம் பற்றிக் கேட்பதையே தடுக்கிறது. நமக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலுள்ள 21 வகைகளிலும் நீரிழிவு இடம்பெறவில்லை.

ஆயினும் கேட்பவருக்கும் ஓர் எல்லை உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் சேர்ந்த ஒரு பெண், கருவுற்றிருந்ததைப் படிவத்தில் மறைத்தார் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னதோடு, பெண்களைக் கூசவைக்கும் அத்தகைய கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுத்துவிடும்படியும் கூறியது. ஆனால் இதை நம்பிப் படிவத்தில் பொய் எழுதலாம் என்று யாரும் துணிய வேண்டாம். நீரிழிவு பற்றிய கேள்வி அவ்வகையைச் சேர்ந்ததன்று.

என் கருத்து இதுதான். விண்ணப்பத்தில் நோயைப் பற்றி எழுத வேண்டியதில்லை. நேர்முகத் தேர்விலும், கேளாதபோது, நாமாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. பேசாதிருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. மருத்துவப் படிவத்தில் எழுத்தால் கேட்டுக் கையொப்பமும் வாங்கும் இடத்தில் உண்மையையே எழுத வேண்டும். நோய்க்காக நம்மை நீக்கக் காரணம் காணாதவரும், பொய்க்காக நீக்கக் காரணம் கண்டுவிடுவார். அதோடு நம் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைப்பது நல்லது. என்ன சிகிச்சை, கடந்த மூன்று மாதச் சராசரி எவ்வளவு, இந்த வேலைக்குத் தகுதி உண்டா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். "நீரிழிவு" என்ற ஒற்றைச் சொல் தனியே நின்றால், படிப்பவர் தம் பாட்டனாரின் கடைசி நாட்களை நினைத்துக்கொள்வார்.

கனரக வாகனம் ஓட்டுதல், உயரத்தில் நின்று பணிபுரிதல் போன்ற வேலைகளுக்கு இந்த மௌனம் பொருந்தாது. அங்கே பிறர் உயிரும் நம் கையில் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வேலையில் சேர்ந்தபின் ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அவர் மேலதிகாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அருகில் அமர்பவராக இருந்தால் போதும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். விஷயம் தெரியாதவர் குடித்திருக்கிறான் என்றே எண்ணுவார். என் அருகில் அமரும் நண்பருக்கு, என் மேசை இழுப்பறையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்குமிடம் தெரியும். மூன்று தேக்கரண்டி நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழைக்கும்படியும் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.