கால் பெருவிரல்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)

கால் பெருவிரலுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது, ஒவ்வோர் அடிக்கும் குதிகால் எழும்பினவுடன் அந்த விரல் அடிமூட்டில் எவ்வளவு மடங்குகிறது என்று மாத்திரம் கவனியுங்கள்.

அந்த மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசுகிறது. மேல்பக்கத்தில் எலும்பு முளைவிடுகிறது. விரலை மேலே மடக்கினால், கதவிடுக்கில் அகப்பட்ட கல்லைப்போல் அந்த முளை தடுக்கிறது. 1887-ல் டேவிஸ் காலி என்ற லண்டன் டாக்டர் இதைத் தனி நோயாக எழுதினார். நம்மிலோ இன்றைக்கும் இதை வாயு என்று தைலம் தடவுகிறவர்களும், மந்திரித்த கயிறு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தைலத்துக்கு எலும்பு கரையுமா?

அதற்காக, டாக்டர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று சொல்ல நான் வரவில்லை. அதுவும் மூடநம்பிக்கையே. முதலில் வளையாத கெட்டி அடியுள்ள பூட்ஸும் வலி மருந்தும் போதுமா என்று பார்க்கவேண்டும். போதாவிட்டால்தான் கத்தி. அந்தக் கத்தியிலும் முக்கியமாக இரண்டு விதமுண்டு.

விரலை முழுதும் மேலே மடக்கும்போது மாத்திரம் வலியென்றால், முளையையும் அதன் கீழுள்ள எலும்புத் தலையில் 100-க்கு 25, 30 பங்கு வரையிலும் செதுக்கிவிடுகிறார்கள். விரல் அசையும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வராது. வலி பின்னால் திரும்பினாலும் திரும்பும். சற்று அசைத்தாலே வலியென்றால், இரண்டு எலும்பையும் சீவி, தகடும் திருகாணியும் வைத்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு வலி போகும். அந்த மூட்டின் அசைவும் அடியோடு போகும். எலும்பு ஒட்ட ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. சிலருக்கு ஒட்டாமலும் போவதுண்டு. பீடி சுருட்டுக்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவேண்டும். புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கிறது. நீரிழிவுள்ளவர்கள் காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்துக்கொள்ளாமல் கத்திக்குச் சம்மதிக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவருக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். குதிகாலைத் தூக்கிக் குந்தித் தரை பூசுவது அவர் பிழைப்பு. மூட்டை ஒட்டிவிட்டால் அப்படிக் குந்தமுடியாது. “செதுக்குகிறார்களா, ஒட்டுகிறார்களா?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. “அதெல்லாம் டாக்டரிடம் நாம் கேட்கலாமாங்க ஐயா?” என்றார். வருகிற திங்கட்கிழமை கேட்கப்போகிறார். நானும் கூடப் போகிறேன்.