மரத்தை அறிந்தோம், உடம்பை அறிவோம்

(ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில், கிளைச் சங்க உறுப்பினர்கள் முன் ஆற்றிய உரை)



பால்மரத்தின் பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நம்மைக் கேட்டால் தயங்காமல் சொல்லுவோம். இத்தனை ஆழம் கத்தி இறங்கினால் பால் வரும். அதற்குமேல் ஒரு நூல் இறங்கினாலும் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இருட்டோடு வெட்டினால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்பதும் நமக்குத் தெரியும். பிறருக்குச் சொந்தமான மரத்தைப்பற்றி இவ்வளவு அறிந்த நாம், நமக்கே சொந்தமான உடம்பைப்பற்றி என்ன அறிவோம்? கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் "உடம்பு சரியில்லை" என்ற இரண்டு சொல்லோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த இடம், எத்தனை நாளாக, எந்த வேலைக்குப் பிறகு என்று சொல்லத் தெரிவதில்லை. தொழிலாளிக்கு உடம்பைத் தவிர வேறு முதல் கிடையாது. அந்த முதலின் கணக்கைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இது இங்கிலீஷ் படித்தவர்களின் படிப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு நம்மவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். நாளடைவில் அதைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் 1872ல் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் சொல்ல முடிந்ததை, இன்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதா?

தோட்டத்தில் ஆபீஸ், ஸ்டோர், பால் கொட்டகை, வெளிக்காடு என்று பல பிரிவுகள் இருப்பதுபோல நம் தேகத்திலும் பல மண்டலங்கள் இருக்கின்றன.

முதலாவது, எலும்பும் தசையும். வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. ஒரு கையில் மட்டும் 27, ஒரு பாதத்தில் 26. கத்தி பிடிக்கும் கையிலும், மேடு பள்ளம் நடக்கும் காலிலும் இத்தனை நுணுக்கமான மூட்டுகள் இருப்பதால்தான் நாம் இந்த வேலையைச் செய்கிறோம். அவற்றை இழுத்து அசைப்பது தசை. தசைக்கு உத்தரவு கொடுப்பது நரம்பு மண்டலம். மூளையிலிருந்து முதுகெலும்பின் உள்ளே இறங்கும் தண்டுவடம் கிளை கிளையாகப் பிரிந்து விரல் நுனிவரை ஓடுகிறது. கத்தி எவ்வளவு ஆழம் இறங்கிற்று என்பதைக் கை உணர்வது நரம்பின் வேலை. முதுகுவலி தொடை வழியாக இறங்கிக் கால்விரல் மரத்துப்போனால், அதை வெறும் களைப்பு என்று தைலம் தேய்த்து மறைக்காதீர்கள். முதுகில் நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். பால் வாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது நல்லது.

இரண்டாவது, மூச்சு. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உண்டு. அங்கேதான் காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்தில் சேருகிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் மாநிலத்து மூவாரில் புகைமூட்டம் 746 என்ற அளவைத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே பேராபத்து என்பது அந்த அளவையின் கணக்கு. வெட்டவெளியில் வேலை செய்கிறவனுக்குக் கதவு ஏது, ஜன்னல் ஏது?

மூன்றாவது, இரத்த ஓட்டம். இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 முறை, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. உடம்பிலுள்ள சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது ஒரு நிமிஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பிவிடுகிறது. அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, பெருநாள் விடுமுறையும் இல்லை.

நான்காவது, ஜீரணம். வாய், இரைப்பை, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் என்று உணவு இறங்கி, அதன் சத்து இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பையின் பின்புறம் கணையம் என்றோர் உறுப்பு உண்டு. அது இன்சுலினைச் சுரந்து இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. அது தளர்ந்தால் இனிப்புநீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்நோய்; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். குவளைக்கு மூன்று கரண்டி சீனி போடும் தேத்தண்ணியை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, கழிவு. இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மலைக்காட்டில் தண்ணீர் குடிக்காமல் நிரையை முடிக்கும் பழக்கம் இவற்றுக்குப் பகை. ஆறாவது, இவை எல்லாவற்றையும் போர்த்திக் காக்கும் தோல்.

நண்பர்களே, இந்த மண்டலங்கள் தனித்தனி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதற்கு ஒரு சிறு புழு சாட்சி. கொக்கிப்புழுவைத்தான் சொல்கிறோம். 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்நோயை ஆராய ராக்பெல்லர் நிறுவனம் ஒரு குழுவை அனுப்பியது என்றால், நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டங்களில் அதன் கொடுமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கக்கூஸ் இல்லாத இடத்தில் ஈரமண்ணில் பொரித்த புழுக்குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. இரத்தத்தில் மிதந்து இருதயம் போய், அங்கிருந்து நுரையீரல் சேருகிறது. காற்றறையைக் கிழித்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறுகிறது. எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் இறங்கி, அங்கே கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கிறது. தோல், இரத்தம், மூச்சு, ஜீரணம் என நான்கு மண்டலங்களை ஒரு புழு கடந்துவிட்டது! இரத்தம் குறைந்தால் பிராணவாயு குறையும், தசை தளரும், மூச்சு வாங்கும். அப்படிச் சோகை பிடித்தவனைப் பார்க்கிறவர்கள் சோம்பேறி என்பார்கள். அவனோ வியாதிக்காரன். கக்கூசும் காலணியும் வந்தபின் அந்நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது.

புழு போன வழியில்தான் விஷமும் போகும். மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் நம் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அவர்கள் பல காலம் அடித்த களைக்கொல்லி பாராகுவாட். வெடிப்புவிட்ட தோல் வழியாகக்கூட அது உள்ளே போகும். உள்ளே போனால் நுரையீரலில் போய்த் தங்கித் தழும்பாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. 2002ல் அரசாங்கம் அதைத் தடைசெய்வதாக அறிவித்தது. 2006ல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. இடையிலே போன வருஷங்களில் முதுகில் பம்பு சுமந்தவர்களின் நகமும் தோலும் மூச்சும் பட்ட பாட்டை யார் கணக்கெடுப்பது? ஒரு மருந்து போனால் இன்னொரு மருந்து வருகிறது. ஆகவே டின்னில் ஒட்டியுள்ள எச்சரிக்கையை எழுத்துத் தெரிந்த கிராணிமார்கள் மருந்தடிப்பவர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அது தயவல்ல, கடமை.

முடிவாக மூன்று காரியங்கள். கையுறை, முகமூடி, காலணி இல்லாமல் விஷ மருந்தைத் தொடாதீர்கள். அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. கிளினிக்கில் இடத்தையும் நாளையும் வேலையையும் சொல்லுங்கள்: "மருந்தடித்த இரண்டாம் நாளிலிருந்து மூச்சு வாங்குகிறது" என்று சொன்னால்தான் வைத்தியர் சரியான இடத்தைத் தேடுவார். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோ, விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வந்த வியாதிக்கும் உண்டு. 2019 முதல் நம்மோடு வேலை செய்யும் அந்நிய நாட்டுச் சகோதரர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத வலிக்கு எந்த ஆபீசிலும் நஷ்டஈடு கிடையாது.

மரத்தில் காயம் விழுந்தால் மண்டோர் கண்டிக்கிறார், கணக்கில் எழுதுகிறார். நம் உடம்பில் காயம் விழுந்தால் அதைக் கணக்கில் எழுதவைக்க வேண்டியவர்கள் நாமேதான். அதற்கு முதற்படி, உடம்பை அறிவது.