பாட்டின் கீழே ஒரு பெயர்



ஆடி மாதத்தில் எங்கள் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம் நடக்காது. மாரியம்மன் திருவிழா நடக்கும். உறுமி மேளக்காரர்களுக்கு அதுதான் கை நிறையும் காலம். என் தாய்மாமா உறுமி வாசித்தவர். சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒரு பக்கத்துத் தோலில் விளக்கெண்ணெய் தடவி, வளைந்த குச்சியால் தேய்த்துப் பார்ப்பார். தோல் குச்சியைப் பிடிக்கும் வரை விடமாட்டார். உறுமல் எழுந்ததும் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஓடிப்போய்ச் சுற்றி நிற்போம். விடியற்காலையில் பால்மரம் வெட்டிய அதே கை.

அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு ராத்திரிக்கான காசு. வேன் வாடகை, தோல் மாற்றும் செலவு, குழுவில் ஏழெட்டுப் பேருக்குப் பங்கு எல்லாம் போக மிஞ்சியதுதான் வீட்டுக்கு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் கெரோ பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். வார நாளில் ஷிப்டு, சனி ஞாயிறில் கல்யாண மேடை. மேடைக் காசு மட்டும் அன்றைக்குப் போலவே மேடையோடு முடிந்துவிடுகிறது.

பாட்டு அப்படி இல்லை. அது ஒலிக்கும் இடமெல்லாம் காசு பிறக்க வழியிருக்கிறது. நம் நாட்டு யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' பாட்டுத் தொகுப்பு 2006இல் வந்தது. மறு வருடமே தமிழ்நாட்டின் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரலைக் கேட்டோம். நம் ஊர் இசைக்குக் கேட்பவர்கள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த இசை யாருடையது என்று எழுதி வைக்கிறோமா? என் கவலையெல்லாம் அதுதான்.

மாமா மகனிடம் ஒருவர் ஒரு கொண்டாட்டப் பாட்டுக்கு மெட்டுக் கேட்டார். போட்டுக் கொடுத்தான். முந்நூறு வெள்ளி கையில் கிடைத்தது; காகிதம் ஒன்றும் இல்லை. குறுந்தட்டு வெளிவந்தபோது உறையில் அவன் பெயர் இல்லை. ஒரு கல்யாண விருந்தில் அந்தப் பாட்டு ஒலித்தபோது அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் "இது எங்க பையன் போட்ட பாட்டுங்க" என்றார். அவர் தலையாட்டிவிட்டு, பிரியாணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டும் வரியும் படைத்தவருக்கு வாழ்நாள் முழுதும் சொந்தம். அவருக்குப் பின் 50 ஆண்டுகள் வாரிசுக்கு. ஒலிப்பதிவு வேறு சொத்து. நிலம் ஒருவருடையது, அதில் கட்டிய வீடு இன்னொருவருடையது என்பதுபோல. ஆனால் அதே சட்டத்தில், பலர் கவனிக்காத ஒரு விதியும் உண்டு. ஒருவர் கேட்டு நாம் செய்து கொடுத்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவருக்கே போய்விடும். என் மாமா மகன் இழந்தது முந்நூறு வெள்ளிக்கு மேல் எவ்வளவு என்று இப்போது புரிகிறதல்லவா?

இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்காக எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு 1989 முதல் இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சி, ஹோட்டல், உணவகம் என்று பாட்டு ஒலிக்கும் இடங்களில் கட்டணம் வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பெயரும் பாட்டும் அங்கே பதிவாகியிருந்தால்தானே நம் பங்கு நமக்கு வரும்? தம்பிகளே, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாமா மகன் இப்போது இளைஞர் குழு ஒன்றுக்குப் பாட்டு அமைக்கிறான். போன மாதம் ஒத்திகைக்குப் போயிருந்தேன். பதிவுக்கு முன்னால் ஒரு பள்ளி நோட்டை எடுத்தான். மெட்டு யார், வரி யார், ஆளுக்கு எத்தனை விழுக்காடு என்று கோடு போட்டு எழுதினான். கீழே கையெழுத்து, அடையாள அட்டை எண். உறுமிப் பையன் பேனாவை வாங்கத் தயங்கினான்.

"நான் மெட்டு போடலையே அண்ணே."

"ஆரம்பத்துல வர்ற அந்த உறுமல் யாரு யோசிச்சது?"

"நான்தான்."

"அப்ப எழுது."