நீரிழிவும் இரத்தப் பரிசோதனையும்

(திருப்புட்குழியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட நமக்கு அளவின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பட்டையும் சரிகையையும் நிறுத்து வாங்குகிறோம். நெய்து முடித்த சேலையை நிறுத்தே ஒப்புவிக்கிறோம். பாவில் ஓரிழை அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தப்பாது. இத்துணைக் கணக்குள்ள நம்மவரிடம், “உமது இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு?” என்று வினவினால், “எனக்கென்ன, குத்துக்கல்லைப்போல் இருக்கிறேன்” என்றே அநேகர் விடை பகர்கின்றனர். அவ்விடையைக் குறித்தே இன்று பேசப் புகுந்தோம்.

நீரிழிவின் கபடம் யாதெனில், அது வெகுகாலம் யாதொரு தொந்தரவும் தராமல் உள்ளே குடியிருப்பதே. அடங்காத தாகம், அடிக்கடி நீர் கழிதல், தேகம் மெலிதல் முதலியன சர்க்கரை மிக ஏறிய பின்னரே தோன்றும். பலருக்கு அவையும் தோன்றா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்நாட்டில் இவ்வியாதியுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். அதன் வாயிற்படியில் நிற்போர் 13 கோடிக்கு மேற்பட்டவர். அண்டையிலுள்ள புதுச்சேரியில் வயது வந்தோருள் நூற்றுக்கு 26 பேர் நீரிழிவுடையோராகக் காணப்பட்டனர்.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. இன்சுலின் குறைந்தாலும், அதன் ஆணைக்குத் தேகம் இணங்காது போனாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடும். வீடு நிறைய நூல் குவிந்திருந்தும் தறியில் ஏறாத நிலை அது. தேங்கிய சர்க்கரை முதலில் சிறு நாளங்களைக் கெடுக்கிறது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதத்தின் நரம்பு ஆகியவை அதற்கு எளிதில் இரையாகும்.

இவற்றுள் கண்ணும் காலும் நமக்குச் சோறிடுபவை. கோர்வை வாங்கவும் சரிகைப் பூ எடுக்கவும் கண் வேண்டும். குழித்தறியில் அமர்ந்தவனது பாதமோ நாள் முழுதும் குழிக்குள் மறைந்து, வெறுங்காலாய் மிதியை மிதித்துக்கொண்டிருக்கிறது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் சிராய் ஏறினாலும் கொப்புளம் கண்டாலும் வலி தெரியாது. குழியினுள் கிடப்பதால் பார்வைக்கும் படாது. புண் புரையோடிய பிறகு வைத்தியரிடம் ஓடுகிறோம். ஆதலின் நீரிழிவுடையோர் இரவுதோறும் விளக்கடியில் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை விழித்திரையையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது அச்சோதனை ஆகாது.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அக்காலத்தில் பெனடிக்ட் என்னும் நீலத் திரவத்தோடு நோயாளியின் சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சுவர். சர்க்கரையின் அளவுக்குத் தக்கபடி அது பச்சை, மஞ்சள், செங்கல் நிறமாக மாறும். சாயப் பட்டறை கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். அதுவரை நீலம் நீலமாகவே நிற்கும். ஆகையால் இப்பொழுது இரத்தத்தையே சோதிக்கிறார்கள்.

இனி எண்களைக் கேளுங்கள். எட்டு மணி நேரம் நீரன்றி வேறெதுவும் உட்கொள்ளாமல் எடுத்த 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுமுறையும் அவ்வாறே காணின், அது நீரிழிவு. 100 முதல் 125 வரை வாயிற்படி. வியாதியுடையோர் பெரும்பாலோருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உணவுக்குப் பின் 180-க்குக் கீழும் இருத்தல் நலம். முதியோருக்கு வைத்தியர் சற்றுத் தளர்த்திச் சொல்வர். உணவுக்குப் பிந்திய சோதனைக்கு இரண்டு மணி நேரத்தை முதற் கவளத்திலிருந்து எண்ணவேண்டும், கை கழுவியதிலிருந்தன்று. அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோதனைக்குச் செல்வதும் பயனற்றது.

சிலர் சோதனைக்கு இரண்டு நாள் முன்னரே பத்தியம் பிடித்து, நல்ல எண்ணைக் காட்டி வைத்தியரை மகிழ்விப்பர். எச்பிஏ1சி என்னும் சோதனையிடம் இச்சாதுரியம் செல்லாது. அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. நூற்றுக்கு 6.5-ஓ அதற்கு மேலோ இருப்பின் நீரிழிவு. வியாதியுடையோர் பலருக்கு 7-க்குக் கீழ் இலக்கு. இரத்தசோகையுள்ள ஸ்திரீகளுக்கு இக்கணக்குப் பிறழக்கூடுமாதலால், அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க.

வீட்டிலேயே சோதிக்கும் கருவி இப்போது கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. குத்திய விரல் பட்டிழையைப் பற்றுமென்று நம்மவர் அஞ்சுவதில் நியாயமுண்டு. நுனியில் குத்தாது, விரலின் பக்கவாட்டில் குத்துக. நாளுக்கொரு விரலாக மாற்றுக. முதலில் கையைக் கழுவித் துடைத்தல் அவசியம். பழமோ இனிப்போ தொட்ட கையானால் கருவி பொய் சொல்லும். சோதனைப் பட்டைகளின் டப்பாவைத் திறந்து வைத்தாலும் அப்படியே. ஆய்வுக்கூடத்தின் எண்ணுக்கும் வீட்டுக் கருவியின் எண்ணுக்கும் நூற்றுக்குப் பதினைந்து வரை வித்தியாசம் நேரலாம். அதற்காகக் கருவியைத் தூக்கியெறிய வேண்டா. இன்சுலின் போடுவோர் நாள்தோறும் சோதித்தல் வேண்டும்; மாத்திரை மட்டும் உண்போர் எத்தனை முறை என்பதை வைத்தியரைக் கேட்டறிக.

எண் தாழ்வதும் ஆபத்தே. வியர்வை, நடுக்கம், கடும் பசி தோன்றி 70-க்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகிப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க. மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றற்க. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இன்சுலின் போடும் பெரியோர் வைத்தியரைக் கேளாமல் ஏகாதசி உபவாசம் இருக்கலாகாது. விஜயராகவப் பெருமாள் அதற்காகக் கோபிக்கமாட்டார். பெருமாள் பிரசாதத்தில் ஒரு விரலளவு பொங்கலும் குற்றமன்று. இலை நிறைய மும்முறை சோறு வைத்துக்கொண்டு, “இனிப்பே தொடுவதில்லை” என்பதுதான் குற்றம். பாகற்காயும் நாவற்கொட்டைப் பொடியும் மாத்திரைக்கு ஈடாகா.

மரகதவல்லித் தாயார் சந்நிதியில் வறுத்த பயறும் முளைக்குமென்று நம்பிப் பிள்ளைவரம் வேண்டி வரும் ஸ்திரீகளை நாம் நன்கறிவோம். வயிறு வாய்த்தபின் அவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. சென்னை டாக்டர் வீ. சேஷய்யா முதலானோர் வற்புறுத்திய முறை அது. 75 கிராம் குளுக்கோசைப் பருகி இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்த்தல், உண்டிருப்பினும் தடையில்லை. 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். பிரசவத்துக்குப் பின் அது பெரும்பாலும் நீங்கும். எனினும் அத்தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வர இடமுண்டாதலின், பிரசவித்து ஆறு வாரங் கழித்தும் பின்னர் ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். மாமியார்மார் இதனைச் செலவென்று தள்ளற்க. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம்.

இன்று சங்கத்தின் கருவி திண்ணையில் வைக்கப்பட்டிருக்கிறது. முப்பது வயது கடந்தவர் யாவரும், பெற்றோருக்கு இவ்வியாதி இருந்த இளைஞரும் வரிசையில் வருக. காலையில் எத்தனை மணிக்கு உண்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அந்த நேரத்தோடு எண்ணையும் சீட்டில் எழுதித் தருவார்கள்.