டொன்னகோனாவின் ஆட்சேபம்



ஐரோப்பியக் கடலோடிகளும் முதற்குடி மக்களும் என்பது நம் கருத்தரங்கின் பொருள். கண்டங்கள் பலவற்றைத் தொடும் பொருள் இது. தலைமையுரை என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவருவதில் எனக்கு விருப்பமில்லை. ஓர் ஆற்றங்கரையில் 1534 முதல் 1542 வரை நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இடம், இன்றைய கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆறு.

1534 ஜூலை 24 அன்று காஸ்பே விரிகுடாவில் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்ட்டியே முப்பதடி உயரச் சிலுவை ஒன்றை நட்டார். அதில் பிரெஞ்சு அரசின் அல்லிப்பூச் சின்னமும் மன்னரை வாழ்த்தும் வாசகமும் இருந்தன. மீன்பிடிக்க அங்கே வந்து தங்கியிருந்த இரோகுவா மொழிக் குடியினரின் தலைவர் டொன்னகோனா. அவர் கரடித்தோல் போர்த்திக்கொண்டு சகோதரரோடும் மகன்களோடும் தோணியில் வந்தார்; ஆனால் கப்பலை ஒட்டி வரவில்லை. சிலுவையைச் சுட்டினார். இரு விரல்களைக் குறுக்காக வைத்துக் காட்டினார். சுற்றியுள்ள நிலம் முழுவதையும் கையால் வளைத்துக் காட்டி நெடுநேரம் பேசினார். தம்மைக் கேளாமல் அதை நட்டிருக்கக் கூடாது என்பதே அவர் பேச்சின் பொருள் என்று கார்ட்டியேயின் பயணக் குறிப்பே எழுதுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் கோடரி தருவதாகப் போக்குக் காட்டித் தோணியைப் பக்கத்தில் வரவழைத்து மடக்கினார்கள். சிலுவை வெறும் வழி அடையாளம்தான் என்று சமாதானம் சொன்னார்கள். டொமகாயா, தைனோவாக்னி என்ற மகன்கள் இருவரைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள்.

நட்ட மரத்தின் அரசியல் டொன்னகோனாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்குச் சாட்சி எதிர்த்தரப்பின் ஏடு. அப்படியிருந்தும் பழைய வரலாறுகளில் அவர் கோடரிக்கு மயங்கிய மனிதராகவே வந்துபோகிறார். முதற்குடிகளை வாய்பிளந்து வியந்தவர்களாக எழுதுவது வரலாற்றாசிரியர்களுக்கு வசதியாக இருந்தது. அவர்கள் கணக்குப் போட்டு நடந்தவர்கள் என்று ஒப்புக்கொண்டால், பொய் சொன்னவர் யார் என்பதையும் எழுத வேண்டிவருமே.

அடுத்த ஆண்டு கார்ட்டியே மூன்று கப்பல்களோடு திரும்பிவந்தார். மகன்களும் ஊர் வந்து சேர்ந்தார்கள். இன்றைய கியூபெக் நகரம் இருக்குமிடத்தில் இருந்தது டொன்னகோனாவின் ஊரான ஸ்டடகோனா. ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய மான்ட்ரியலில், மூன்றடுக்கு மரவேலி சூழ்ந்த ஹோச்செலாகா. கார்ட்டியே அங்கே போவதை ஸ்டடகோனா விரும்பவில்லை. முகத்தில் கரிபூசி, கொம்பு கட்டிய மூவரைத் தோணியில் அனுப்பி, மேலே பனியும் சாவும் காத்திருப்பதாகத் தெய்வவாக்குச் சொல்ல வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள்; பிறகு வந்த சிலர் இதை மூடநம்பிக்கை என்று எழுதினார்கள். எனக்கு இது வணிகத் தந்திரமாகவே படுகிறது. கப்பல் மேலே போய்விட்டால் இரும்பும் கண்ணாடி மணியும் தங்கள் கையை விட்டு அயலார் கைக்கு நேராகப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சியிருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் ஆறு உறைந்து கப்பல்கள் சிக்கின. ஸ்டடகோனாவில் நோய் கண்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரெஞ்சுக்காரர் நூற்றுப்பத்துப் பேரில் இருபத்தைந்து பேரை ஸ்கர்வி நோய் கொண்டுபோனது. பலவீனம் வெளியே தெரியாதிருக்க, கப்பலுக்குள் சுத்தியலால் தட்டி வேலை நடப்பதுபோல் ஓசை எழுப்பினார்கள். காலில் வீக்கத்தோடு காணப்பட்ட டொமகாயா சில நாளில் நலமாக நடந்து வருவதைக் கார்ட்டியே பார்த்தார். வேலையாள் ஒருவனுக்கு நோய் என்று பொய் சொல்லி மருந்து கேட்டார். டொமகாயா மறைக்கவில்லை. இரண்டு பெண்களை உடன் அனுப்பினார். அவர்களோடு போய்க் கிளைகளைக் கொண்டுவந்தார்கள். பட்டையையும் இலையையும் காய்ச்சிக் குடித்தவர்கள் பிழைத்தார்கள். பெரிய மரம் ஒன்று சில நாட்களுக்குள் மொட்டையாயிற்று. அந்தப் பெண்களின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை.

உயிர் தந்தவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1536 மே மாதம் இன்னொரு சிலுவை நட்ட நாளில் டொன்னகோனாவையும் அவர் மகன்களையும் பிடித்தார்கள். மொத்தம் பத்துப் பேர் பிரான்சுக்குப் போனார்கள். பன்னிரண்டு மாதத்தில் திருப்பிக் கொண்டுவருவதாக ஊராருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. கார்ட்டியே திரும்பியது 1541-இல். அதற்குள் ஒரு சிறுமி தவிர அனைவரும் இறந்துபோயிருந்தார்கள். டொன்னகோனா இறந்ததை மட்டும் ஒப்புக்கொண்ட கார்ட்டியே, மற்றவர்கள் அங்கே மணம் முடித்துப் பெருஞ்செல்வர்களாக வாழ்வதாகச் சொன்னார். அந்தப் பயணத்தில் அவர் பொன் என்றும் வைரம் என்றும் அள்ளிச் சென்றவை இரும்புப் பைரைட்டும் படிகக் கல்லும் என்று பின்னர் தெரிந்தது. அதற்காக நான் வருந்தப் போவதில்லை.

1603-இல் பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் வந்தபோது ஸ்டடகோனாவும் இல்லை, ஹோச்செலாகாவும் இல்லை. போர், நோய், வணிகப் போட்டி என்று காரணங்களைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அந்த ஊரார் பாணி மட்கலங்கள் ஹூரான் என்ற முதற்குடியினரின் குடியிருப்புகளில் கிடைத்திருக்கின்றன. ஆகவே எல்லாரும் அழிந்தார்கள் என்று எழுதுவது அவசரம். ஒரு பகுதியினர் அண்டையாரோடு கலந்திருக்கிறார்கள்.

கட்டுரையாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயணக் குறிப்பை ஒதுக்க வேண்டாம், நம்பவும் வேண்டாம். அவர்கள் மகிழ்ந்தார்கள், பயந்தார்கள், வணங்கினார்கள் என்று மாலுமி எழுதும் இடத்தில் நின்று, அவர்கள் எதைக் காத்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அகழாய்வுச் சான்றையும் இன்றைய முதற்குடி ஆய்வாளர்களின் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவர்களைத் தியாகிகளாக்கவும் வேண்டாம். டொன்னகோனா தம் வணிகத்துக்காக அயலூரை ஒதுக்கப் பார்த்தவர்தான். உங்கள் கட்டுரைகளில் அவரைப் போன்றவர்களின் ஆட்சேபம் அடிக்குறிப்புக்குள் தள்ளப்படாமல் இருக்கட்டும்.