இடுப்பும் தொடையும்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உடலைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் இருதயத்தைப் பற்றியோ மூளையைப் பற்றியோ பேசுவர். இடுப்பையும் தொடையையும் பற்றிப் பேச மேடையேறுவோர் சிலரே. ஆயினும் ஒருவர் பிறர் கைபிடியாமல் எழும்பி, தம் காலால் நடந்து, தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வது இவ்விடத்துத் தசைகளின் தயவினாலேயாம். முதுமையில் நாம் இழக்க அஞ்சுவதும் இந்தச் சுதந்திரத்தையே. ஆகையால் இத்தசைகளின் அமைப்பையும் தொழிலையும், அவற்றைக் காக்கும் வழியையும் இன்று சிறிது ஆராய்வோம்.

மூட்டு

உடலிலுள்ள எலும்புகளுள் மிக நீளமானது தொடையெலும்பு. அதன் மேல்முனை பந்துபோல் உருண்டிருக்கும். இடுப்பெலும்பிலே கிண்ணம்போன்ற குழி ஒன்று உண்டு. பந்து குழிக்குள் பொருந்தி நிற்பதே இடுப்பு மூட்டு. தோள்மூட்டும் இவ்வினத்ததே. ஆனால் தோளிலே குழி ஆழமற்றது. ஆகவே கை எப்பக்கமும் சுழலும், மூட்டும் எளிதில் விலகும். இடுப்பிலே குழி ஆழமானது. அதன் முன்புறத்தை மிக வலிய இணைப்பு நார் ஒன்று மூடி நிற்கின்றது. நிமிர்ந்து நிற்கையில் உடல் பின்னே சாயாதபடி அந்நார் இழுத்துப் பிடிப்பதால், சும்மா நிற்பதற்குத் தசைகள் அதிகம் உழைக்கவேண்டியதில்லை. எழும்புவதற்கும் நடப்பதற்கும் ஏறுவதற்குமே தசைகள் வேண்டும்.

முன்புறமும் உட்புறமும்

முன்புறத்திலே, முள்ளந்தண்டின் கீழ்ப்பாகத்திலிருந்தும் இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்தும் இறங்கித் தொடையெலும்பைப் பற்றும் தசையொன்று உண்டு. படியேறுவதற்குக் காலைத் தூக்கித் தருவது அதுவே. அதன்கீழ்த் தொடை முழுவதையும் நிரப்பி நிற்பது நாற்றலைத் தசை. அதன் நான்கு தலைகளும் கீழே ஒன்றாகி, முழங்காற்சில்லைப் பற்றி, அதற்குக் கீழுள்ள பெரிய எலும்பிலே முடிகின்றன. முழங்காலை நீட்டுவது இதன் தொழில். நான்கு தலைகளுள் ஒன்று மட்டும் இடுப்பெலும்பிலே தொடங்குகின்றது. ஆதலால் அது இடுப்பையும் மடக்கும், முழங்காலையும் நீட்டும். பந்தை உதைக்கும் இளைஞர் இவ்விரு வேலைகளையும் ஒருங்கே வாங்குவது அதனிடமிருந்தே.

முன்தொடையிலே நாடாப்போலக் குறுக்காக ஓடும் தசையொன்றும் உண்டு. உடலின் தசைகளுள் மிக நீளமானது அது. தையற்காரனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்குச் சார்ட்டோரியஸ் என்று பெயரிட்டனர். ஐரோப்பியத் தையற்காரர் முன்னாளிலே காலை மடித்துச் சம்மணமிட்டிருந்தே தைத்தனர்; காலை அவ்வாறு மடிக்க உதவுவது இத்தசை. பந்தியிலே சம்மணமிட்டு உண்ட நம் முன்னோருக்கும் அதுவே உதவிற்று.

உட்புறத்திலே ஐந்து தசைகள் கூடித் தொடைகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன. குதிரையேறுவோர் சேணத்தைத் தொடைகளால் இறுகப் பற்றுவது இவற்றாலாகும்.

பின்புறம்

பின்புறத்திலுள்ள பெரும்பிட்டத் தசையே உடலின் தசைகள் யாவற்றிலும் பெரியது. வாலில்லாக் குரங்குகளோடு ஒப்பிட்டால், நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கே இது இவ்வளவு பருத்திருக்கின்றது. இதனடியிலே உடலின் மிகத் தடித்த நரம்பு செல்கின்றது. பிட்டத்தில் ஊசி போடும்போது மேற்பக்கத்து வெளிமூலையைத் தேடுவது அந்நரம்பிலே படாதிருத்தற்பொருட்டே.

இத்தசையைப் பற்றி நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சமதரையிலே மெல்ல நடக்கும்போது இது அதிகம் உழைப்பதில்லை. இருந்தெழும்பும்போதும், படியேறும்போதும், ஓடும்போதுமே முழுவலிமையுடன் தொழிற்படுகின்றது. “நாள்தோறும் மாலையில் உலாவுகின்றோம், அதுபோதும்” என்று சொல்லும் பெரியோர் உளர். உலாவுதல் இருதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது, அதைக் கைவிடலாகாது. ஆனால் கதிரையிலிருந்து நம்மைத் தூக்கி நிறுத்தும் தசைக்கு அது போதிய வேலையாகாது.

பெரும்பிட்டத் தசைக்குக் கீழே பின்தொடைத் தசைகள் மூன்றும் உள்ளன. இவை இருக்கும்போது நாம் ஊன்றும் எலும்பிலே தொடங்கி, முழங்காலைக் கடந்து முடிகின்றன. வேகமாக ஓடும் வீரர் திடீரெனப் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுவது இவை கிழிவதாலேயே. உடலைச் சூடேற்றாமல் ஓட்டத்தில் இறங்கலாகாது என்று ஆசிரியர் சொல்வதை இளைஞர் அசட்டை செய்யாதிருப்பாராக.

வெளிப்புறமும் ஊன்றுகோலும்

இனி வெளிப்புறம். இங்கேயுள்ள நடுப்பிட்டத் தசையும் சிறுபிட்டத் தசையும் பார்வைக்குச் சிறியன, தொழிலாற் பெரியன. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நாம் சிறிதுநேரம் ஒற்றைக்காலிலேயே நிற்கின்றோம். அப்பொழுது தூக்கிய காலின் பக்கமாக இடுப்புச் சரிந்துவிட வேண்டும். ஊன்றிய காலின் வெளிப்புறத்துத் தசைகள் இடுப்பைத் தம்பக்கமாக இழுத்துச் சமன் செய்வதாலே அது சரிவதில்லை. இத்தசைகள் சோர்ந்தவர்க்கு மறுபக்கத்து இடுப்புத் தாழும். அவர் ஆடியாடி நடப்பர். ஜெர்மானியச் சத்திரவைத்தியர் திரெண்டலன்பேர்க் 1895 இல் இக்குறியை விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நம் தோட்டக் கிணறுகளிலே முன்னாளில் நின்ற துலாவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். துலாவுக்கு ஆடுகால் எப்படியோ, ஒற்றைக்காலில் நிற்கும் இடுப்புக்கு மூட்டு அப்படி. உடலின் பாரம் மூட்டுக்குத் தூரத்திலே, நீண்ட பக்கத்தில் விழுகின்றது. தசையோ மூட்டுக்கு அருகே, குறுகிய பக்கத்தில் நின்று இழுக்கின்றது. குறுகிய பக்கத்தில் நிற்பவன் மிகுந்த பலங்கொடுக்க வேண்டுமல்லவா? பாரமும் இழுப்பும் சேர்ந்து மூட்டின்மேல் விழும் சுமை, உடல் நிறையின் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்காகும்.

இதிலிருந்து ஒரு பயன் பெறலாம். இடுப்பிலே வலியுள்ளவர் பலர் ஊன்றுகோலை வலியுள்ள பக்கத்துக் கையிலேயே பிடிக்கின்றனர். மறுபக்கத்துக் கையிலேயே பிடித்தல் வேண்டும். வலது இடுப்பு நொந்தால் தடி இடக்கையில் இருக்கட்டும். வலக்காலும் தடியும் ஒன்றாக முன்செல்லட்டும். தாழவிருக்கும் பக்கத்தைத் தடி தூரத்திலே நின்று தாங்குவதால், சிறிது ஊன்றினாலும் தசையின் உழைப்பும் மூட்டின் சுமையும் மிகக் குறையும். இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெரியவர் தடியை எந்தக் கையில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

முதுமையும் முயற்சியும்

வயது ஏறத் தசை குறைகின்றது. அமெரிக்க அறிஞர் ரோசன்பேர்க் 1989 இல் இதற்குச் சார்க்கோபீனியா என்று பெயரிட்டார். கிரேக்கமொழியில் தசைக்குறைவு என்பது பொருள். தொடை சோர்ந்தால் எழும்புதல் கடினம். இடறினால் காலூன்றித் தப்புதல் கடினம். விழுந்தால் தொடையெலும்பின் கழுத்து முறிதல் எளிது. 1962 இல் இங்கிலாந்திலே ஜோன் சார்ன்லி என்னும் சத்திரவைத்தியர் செம்மைப்படுத்திய செயற்கை மூட்டு எத்தனையோ பேரை மீண்டும் நடக்க வைத்திருக்கின்றது. ஆனால் மூட்டை மாற்றிய பின்னரும் அதனை இயக்குவதற்கு அவரவர் தசையே வேண்டும்.

குறைந்த தசை மீண்டும் வலுப்பெறுமா? அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதையொட்டிய பலவீனர் பத்துப் பேரைக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வாரம் அவர்களுடைய தொடைகளுக்குப் பாரந்தூக்கும் பயிற்சி கொடுத்தனர். இறுதிவரை நின்ற ஒன்பது பேரின் தொடைவலிமை சராசரி 174 வீதம் அதிகரித்தது என்று 1990 இல் வெளியிட்டனர். தொண்ணூறிலே இயன்றது அறுபதிலே இயலாதென்று சொல்ல இடமுண்டோ?

ஆகவே பெரியோர்களே, உறுதியான கதிரையொன்றைச் சுவரோடு வையுங்கள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, மெல்ல எழும்பி மெல்ல இருங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாக்குங்கள். கையூன்றாமல் முடியாதெனின் முதலில் ஊன்றியே செய்யுங்கள். பின்னர் மேசையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள், மறுகாலிலும் அவ்வாறே. மூட்டுவாதமோ நெஞ்சுநோயோ உள்ளவரும், சத்திரசிகிச்சை செய்துகொண்டவரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குக.

இளைஞர்களே, மேசைமுன் பல மணிநேரம் இருந்து படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் இடையிடையே எழும்பி நடவுங்கள். கோயிலிலே பிள்ளையார்முன் போடும் தோப்புக்கரணமும், உடற்பயிற்சிக் கூடத்துப் பஸ்கியும் நாற்றலைத் தசைக்கும் பெரும்பிட்டத் தசைக்கும் நல்ல வேலை தருவன. கிளித்தட்டிலே பக்கவாட்டில் பாய்ந்து மறிக்கும்போது வெளிப்புறத் தசைகளும் உட்புறத் தசைகளும் உழைக்கின்றன. இவற்றைக் கைவிடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. “அப்பா, நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத்தாறேன்” என்று நாம் அன்பினாலே சொல்லுகின்றோம். தண்ணீருக்கும் எழும்பவிடோம், பத்திரிகைக்கும் எழும்பவிடோம். நாளடைவில் அவர் எழும்ப நினைத்தாலும் தொடை இடங்கொடாது. வழியிலே வெளிச்சம் வையுங்கள், வழுக்கும் விரிப்பை அகற்றுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் இயன்றவரை அவரே எழும்பட்டும். அவர் சற்றுத் தாமதித்தாலும் காத்துநிற்பதே நாம் செய்யும் மெய்யான உதவியாகும்.